காதில் எழுதிய எண்

மார்ச் 4, திங்கள்

திங்கள் என்றால் காது எழுதும் நாள். ஆய்வுக்கூடத்து முயல் அறையில் பன்னிரண்டு கூண்டு, பன்னிரண்டு முயல், அத்தனையும் வெள்ளை. அடையாளம் தெரியவேண்டும் என்று ஒவ்வொன்றின் காதுக்குள்ளும் கறுப்பு மார்க்கரால் எண் எழுதவேண்டும். ஒரு வாரத்தில் நக்கியும் தேய்த்தும் பாதியை அழித்துவிடும். மறுபடி நான் எழுதுவேன். கையெழுத்துக்காகவே எட்டாம் வகுப்பில் என்னை முட்டி போடவைத்த வாத்தியார் இதைப் பார்க்கவேண்டும். பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் எல்லாம் காதைத் தூக்கித் தூக்கி என் கையெழுத்தைப் படிக்கிறார்கள்.

இந்த நோட்டு மகள் கொடுத்தது. முன்பாதியில் அவள் போட்ட கணக்குகளைக் கிழித்துவிட்டு மீதியை என்னிடம் தள்ளினாள். "அப்பா, முயல் கதையெல்லாம் இதுல எழுதிக்கோ. எங்க காது பாவம்."

மதியம் சாப்பிட்டபின் தீவன மூட்டை மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். மூட்டை குத்துகிறது. எழுத்தாளர் ஆவது கஷ்டம்தான்.

மார்ச் 6, புதன்

மகளைக் கூட்டிக்கொண்டு மருத்துவமனை போய்வந்தோம். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் இவளுக்குக் கொழுப்பு இருநூற்றுத் தொண்ணூறு. பதினைந்து வயது. ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. நான் கேட்டேன், "சார், வேற யாரோட ரத்தமாவது மாறிப்போயிருக்குமா?" இரண்டாம் முறையும் எடுத்தார்கள். இருநூற்றுத் தொண்ணூற்று நான்கு. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"இது சாப்பாட்டால வந்ததில்ல, குடும்பத்துல ஓடுறது. அம்மா அப்பா ரெண்டு பேரும் பார்த்துடுங்க" என்றார் மருத்துவர். மனைவி அங்கேயே கையை நீட்டிவிட்டாள். அவளுக்குச் சரியாக இருக்கிறது. வீட்டில் இருப்பதே மூன்று பேர். மீதி யார் என்று பார்க்கக் கணக்குப் புத்தகம் தேவையில்லை.

"அடுத்த வாரம் பார்க்கிறேன்" என்றேன்.

மகள் மாத்திரை டப்பாவைச் சாப்பாட்டு மேசை நடுவில் வைத்தாள். "அப்பா என்னைக்கு ரத்தம் குடுக்குதோ அன்னைக்கு நான் மாத்திரை போடுறேன்."

"அம்மாடி, அதுவும் இதுவும் ஒண்ணா?"

"எனக்கு மட்டும் பயமில்லையா?"

என் அப்பா நாற்பத்தாறு வயதில் மாடிப்படி ஏறும்போது உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எனக்கு இப்போது நாற்பத்தைந்து. இதை அவளிடம் சொன்னதில்லை. எழுதிப் பார்த்தால் சின்ன வாக்கியமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 12, செவ்வாய்

இன்று டாக்டரம்மா வந்து அவருடைய இரண்டு முயலுக்கும் கொஞ்சம் ரத்தம் எடுத்தார். அவர் ஊசிபோடுகிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி டாக்டர். முப்பது வயது இருக்கும். பதினொன்றும் பன்னிரண்டும் அவருடையவை. என் கணக்கில் பதினொன்று மகாராணி. கூண்டுக்குப் பக்கத்தில் இடியே விழுந்தாலும் அசைபோடுவதை நிறுத்தமாட்டாள். பன்னிரண்டு பயந்தாங்கொள்ளி; நான் தும்மினால் இரண்டு நாள் சாப்பிடமாட்டாள். பெயர் வைக்கக்கூடாது என்பது விதி. நான் வைக்கவில்லை, அதுவாக வந்துவிட்டது.

துண்டில் சுற்றி மடியில் நான் பிடித்துக்கொள்ள, காது நரம்பில் அவர் எடுத்தார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரண்டுக்கும் முதுகில் ஊசி வேறு போடுகிறாரே, எதற்கு என்று இன்றுதான் கேட்டேன். கேட்டது நல்லதாகப் போயிற்று.

"அண்ணா, நம்ம ஈரல் மேல சின்னச் சின்ன கைங்க இருக்குன்னு வச்சுக்கோங்க. ரத்தத்துல போற கொழுப்பை அதுங்கதான் பிடிச்சு உள்ள இழுத்துப் போடும். இன்னொரு புரதம் இருக்கு, அது வந்து அந்தக் கைங்களை ஒடிச்சிடும். அது அதிகமா வேலை செஞ்சா கொழுப்பு ரத்தத்துலயே நின்னுடும்."

"அடப்பாவி."

"அந்தப் பாவி எங்க இருக்கான், எவ்வளவு இருக்கான்னு பார்க்கணும். கண்ணுக்குத் தெரியமாட்டான். அதுக்குத்தான் ஆன்டிபாடி. அவனை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கும். அதைத்தான் முயல் ரத்தத்துல உண்டாக்கப் பார்க்கிறேன்."

கையில் இருந்த மகாராணியைப் பார்த்தேன். அசைபோட்டுக்கொண்டிருந்தாள். என் பெண்ணுக்கு என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

இரண்டு சின்னக் குழாயிலும் எண்ணும் தேதியும் எழுதி உறைபெட்டியில் வைத்தார். "இது ரொம்ப சீக்கிரம், இப்பப் பார்த்தா ஒண்ணும் தெரியாது. சும்மா இருக்கட்டும்."

வீட்டில் கையொடிக்கிற புரதத்தைப் பற்றி நடித்தே காட்டினேன். மகள் சிரித்தாள். அப்புறம் கேட்டாள், "நீ எப்பப்பா போற?"

அடுத்த வாரம்.

மார்ச் 18, திங்கள்

காது எழுதியாயிற்று. டாக்டரம்மா இரண்டுக்கும் கடைசி ஊசி போட்டார். இனி ஊசி இல்லை, ரத்தம் மட்டும்தான்.

மார்ச் 21, வியாழன்

பன்னிரண்டாம் கூண்டுக்கு மேலே காற்றை வெளியே தள்ளும் விசிறி இருக்கிறது. மூன்று நாளாகக் கடகட என்கிறது. பயந்தாங்கொள்ளி மூலையில் ஒட்டிக்கொண்டு எலும்பும் தோலுமாக ஆகிக்கொண்டிருந்தாள். எழுதிப்போட்டால் ஆள் வர ஒரு மாதம் ஆகும். அதனால் கூண்டு கழுவும்போது இவளைப் பதினொன்றில் விட்டு, மகாராணியைப் பன்னிரண்டுக்கு அனுப்பிவிட்டேன். மகாராணி விசிறியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பயந்தாங்கொள்ளி ஒரு மணி நேரத்தில் கிண்ணத்தைக் காலி செய்தாள். எனக்கே பசி தீர்ந்த மாதிரி இருந்தது.

ஆய்வுக்கூடத் தலைவர் பெரிய ஐயா சுற்றிப் பார்க்க வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, "என் கண்ணாடியை இங்க எங்கேயாவது வச்சேனா?" என்று கேட்டார். நானும் அவரோடு சேர்ந்து ஐந்து நிமிடம் தேடினேன். வேலை நிரந்தரம் ஆகவேண்டுமென்றால் இப்படித்தான் தேடவேண்டும்.

மார்ச் 25, திங்கள்

காது எழுதினேன். வீடு மாறினால் கதவு எண்ணும் மாறத்தானே வேண்டும்? மகாராணி காதில் மிச்சமிருந்த பதினொன்றை ஸ்பிரிட் தொட்டு நன்றாகத் துடைத்துவிட்டுப் பன்னிரண்டு என்று எழுதினேன். பயந்தாங்கொள்ளிக்குப் பதினொன்று. சுத்தமான வேலை. யாரும் பாராட்டவில்லை, நானே பாராட்டிக்கொண்டேன்.

ரத்தப் பரிசோதனைக்குப் போகலாம் என்றுதான் கிளம்பினேன். வெறும் வயிற்றோடு போகவேண்டுமாம். வழியில் தேநீர் குடித்துவிட்டேன். மறந்துபோய்த்தான். மனைவி நம்பவில்லை. "என்னங்க, எத்தனை தடவை மறப்பீங்க?" மூன்றாம் தடவை.

ஏப்ரல் 1, திங்கள்

டாக்டரம்மா இரண்டு முயலிலும் நிறையவே ரத்தம் எடுத்தார். காதைத் தூக்கி எண் பார்த்து, குழாயில் எண் எழுதி, என்னிடம் இன்னொரு தடவை காட்டச்சொல்லிச் சரிபார்த்தார். எவ்வளவு கவனமான பெண்! "வேண்டிக்கோங்க அண்ணா" என்றார். யாரை வேண்டுவது என்று தெரியாமல் மகாராணியின் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

டாக்டரம்மா வந்து தீவன மூட்டையில், என் இடத்தில், உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது.

"தப்பாப் போச்சு அண்ணா. மூணு தடவை பண்ணிட்டேன். பதினொண்ணோட ரத்தம் ஆன்டிபாடி இருக்கிறதா சுத்தமா காட்டவேயில்ல."

"பன்னிரண்டு?"

"அதுதான் கொடுமை. பன்னிரண்டு காட்டுது! படத்துல சரியான இடத்துல, கறுப்பா, கோடு மாதிரி. ஆனா அது காட்டக்கூடாது. நான் எங்கயோ எதையோ கலந்துட்டேன். என் வேலையே குப்பைன்னு அர்த்தம்."

வெள்ளிக்கிழமை பத்தொன்பதாம் தேதியோடு இந்த ஆராய்ச்சிக்கான அனுமதி முடிகிறதாம். அதற்குள் காட்ட ஒன்றும் இல்லையென்றால் பெரிய ஐயா திட்டத்தை மூடிவிடுவார். இரண்டு முயலையும் முடித்துவிடுவார்கள். டாக்டரம்மாவின் இரண்டு வருடமும் அதோடு போகும்.

முயலை முடிப்பது இந்த வேலையில் உண்டு. பதினொரு வருடமாகப் பார்க்கிறேன். உண்டு என்பதால் பழகிவிடும் என்று இல்லை.

தேறுதல் சொல்லத் தெரியாமல், "பன்னிரண்டு ஏம்மா காட்டக்கூடாது? அதுக்கும்தானே ஊசி போட்டீங்க?" என்றேன்.

"அதுக்குப் போட்டது வெறும் எண்ணெய் மருந்து அண்ணா. புரதமே கிடையாது. பதினொண்ணுக்கு மட்டும்தான் புரதம். ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் ஒண்ணுக்கு வெறுமனே போடுறது."

கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தேன்.

"எல்லா ஊசியும் போட்டு முடிச்சது எப்பம்மா?"

"மார்ச் பதினெட்டு. ஏன்?"

"சும்மாதான்" என்றேன்.

சும்மாவாம். அவர் போனபின் இந்த நோட்டைப் புரட்டினேன். மார்ச் 21. என் கையெழுத்து. மார்ச் 25. அதுவும் என் கையெழுத்து, ஸ்பிரிட் தொட்டு நன்றாகத் துடைத்தேனாம், சுத்தமான வேலையாம்! எண் கூண்டுக்கு உரியது இல்லையா? முயலுக்கு உரியதா? பதினொரு வருடமாக இந்த அறையில் இருக்கிறேன், இது எனக்குத் தெரியாதா? தெரியாது. யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இதுவரை ஒரு முயலையும் வீடு மாற்றியதில்லை.

அந்தப் பெண் மூன்று தடவை செய்து பார்த்திருக்கிறார். மூன்று தடவையும் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

ஏப்ரல் 10, புதன்

சொல்லவில்லை.

ஏப்ரல் 11, வியாழன்

இன்றும் சொல்லவில்லை. டாக்டரம்மா நான்காம் தடவை செய்கிறாராம். மாடிப்படியில் எதிரே வந்தார். நான் வாளியை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனேன். வாளியில் தண்ணீரே இல்லை.

ஏப்ரல் 12, வெள்ளி

மகள் கண்டுபிடித்துவிட்டாள். "அப்பா, மூணு நாளா முயல் கதையே சொல்லல. யாரு செத்துட்டாங்க?"

சொல்லிவிட்டேன். மனைவியும் அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டு வந்து நின்றாள். வேலை போய்விடும் என்றேன். மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்து என் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தாள். பொத்தான் சரியாகத்தான் இருந்தது.

மகள் நோட்டைக் கேட்டாள். அந்த இரண்டு பக்கத்தை மட்டும் காட்டினேன். "அப்பா, இது நல்ல விஷயம்ப்பா! இப்ப பன்னிரண்டுன்னா மகாராணி. அது காட்டுதுன்னா ஊசி வேலை செஞ்சிருக்குன்னுதானே அர்த்தம்? அந்தக்கா ஜெயிச்சுட்டாங்க. அது உனக்கு மட்டும்தான் தெரியும்."

அதை நான் யோசிக்கவேயில்லை. மூன்று நாளாக என் தலையைப் பற்றி மட்டுமே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"திங்கட்கிழமை சொல்லிடு. அடுத்த வாரம்னு மட்டும் சொல்லாத."

"திங்கட்கிழமையே அடுத்த வாரம்தான்டி."

"அப்பா!"

ஏப்ரல் 15, திங்கள்

காது எழுதவில்லை. மார்க்கரைத் தொடவே கை வரவில்லை.

டாக்டரம்மாவிடம் நோட்டைப் பிரித்துக் கொடுத்தேன். நின்றபடி படித்தார். அவர் முகத்தைப் பார்க்காமல் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடகட. படித்து முடித்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணா... நாலு தடவை அண்ணா. நான் ராத்திரி பகலா அழுதேன்."

"அடிச்சிடுங்கம்மா."

அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் என்னைப் பார்க்கவும் இல்லை. அப்புறம் எழுந்து பன்னிரண்டாம் கூண்டுக்குப் போய், "அப்ப நீதானாடி?" என்றார். மகாராணி அசைபோட்டாள்.

இருவரும் பெரிய ஐயாவிடம் போனோம். வழியில்தான் ஞாபகம் வந்தது, அந்தப் பக்கத்தில் கண்ணாடிக் கதையும் இருக்கிறது. "அம்மா, அந்த அரைப்பக்கத்தை மட்டும் கிழிச்சிடலாமா?" என்று கெஞ்சினேன். "ஆதாரத்தைக் கிழிக்கக்கூடாது அண்ணா" என்றார். அப்போது லேசாகச் சிரித்தமாதிரி இருந்தது. அது போதும் என்று நடந்தேன்.

பெரிய ஐயா படித்தார். முழுவதும் படித்தார். கை தானாக நெற்றிக்குப் போய்க் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தது. என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"ரொம்ப வசதியான கதையா இருக்கே. மாத்தி வச்சேன்னு ஒருத்தர் நோட்டுல எழுதியிருக்கார், அதனால முடிவையும் மாத்திப் படிங்கன்னா யார் ஒத்துக்குவா?" என்றார் டாக்டரம்மாவிடம்.

தன்னைப் பற்றி இன்னும் என்ன எழுதியிருக்கிறேன் என்று தேடினாரோ என்னவோ, பெரிய ஐயா அதற்கு முந்தைய பக்கங்களைப் புரட்டினார். அதில் அவர் இல்லை. படித்துக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார்.

"மார்ச் பன்னிரண்டு ரத்தம் எடுத்தீங்களா? மாத்துறதுக்கு முன்னாடி?"

டாக்டரம்மா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "உறைபெட்டியில இருக்கு சார்! நான் பார்க்கவேயில்ல. சீக்கிரம்னு விட்டுட்டேன்."

"அதுல பதினொண்ணு காட்டி, பன்னிரண்டு காட்டலைன்னா இவர் சொல்றது உண்மை. இல்லைன்னா ரெண்டு பேரும் வெள்ளிக்கிழமை மூட்டையக் கட்டுங்க."

நான் கதவு வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டார். குரல் வேறு மாதிரி இருந்தது.

"மார்ச் ஆறும் படிச்சுட்டேன். படிச்சிருக்கக்கூடாது. டெஸ்ட் எடுத்தாச்சா?"

"அடுத்த வாரம் சார்."

நோட்டை நீட்டினார்.

ஏப்ரல் 17, புதன்

பதினொரு வருடத்தில் முதல் தடவையாக மாடி ஆய்வறைக்குள் போனேன். வெள்ளை அங்கி கொடுத்தார்கள். கண்ணாடியில் பார்த்தேன், மருத்துவர் மாதிரி இல்லை, முடி வெட்டுபவர் மாதிரி இருந்தேன்.

டாக்டரம்மா ஈரல் சாற்றிலிருக்கும் புரதத்தைக் காகிதம் போன்ற ஒன்றில் ஏற்றி வைத்திருந்தார். ஒரு துண்டில் மார்ச் மாதத்துப் பதினொன்றின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீர், இன்னொரு துண்டில் பன்னிரண்டினது. ஆன்டிபாடி இருந்தால் அந்தப் பாவியின் மேல் போய் ஒட்டியிருக்கும். ஒட்டிய இடம் படத்தில் கறுப்பாக விழும். சிவப்பு விளக்கு எரிகிற இருட்டறைக்குப் போய்ப் படத்தாளை மருந்துத் தண்ணீரில் போட்டார். நான், டாக்டரம்மா, பெரிய ஐயா. மூன்று பேரும் கழுவுதொட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. நான் சட்டைப் பையில் கைவிட்டுப் பையையே கிழித்துவிட்டேன்.

அப்புறம் இடதுபக்கத் துண்டில், பென்சிலால் மெதுவாக இழுத்த மாதிரி ஒரு கோடு. வலதுபக்கம் வெறுமை. இன்னும் கொஞ்சம் நேரம் வைத்தார். கோடு தெளிந்தது. வலது பக்கம் வெறுமையாகவே இருந்தது.

"இடது எது?" பெரிய ஐயா கேட்டார்.

"பதினொண்ணு சார்."

"யாரு, மகாராணியா?"

அவர் நோட்டை எவ்வளவு ஒழுங்காகப் படித்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

டாக்டரம்மா என் தோளில் தலையைச் சாய்த்து அழுதார். நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரல் நகத்தளவுகூட இல்லை. கையொடிக்கிறவனே, உன்னைப் பார்த்துவிட்டேன்டா. என் வீட்டில் உன்னால்தானா என்று எனக்குத் தெரியாது, டாக்டரம்மாவும் அதை வேறு சோதனையில்தான் பார்க்கவேண்டும் என்கிறார். ஆனாலும் ஒருவன் முகத்தையாவது பார்த்தாயிற்று.

ஏப்ரல் 19, வெள்ளி

அனுமதி நீட்டித்தாயிற்று. மகாராணி இனி நிறைய ரத்தம் கொடுக்கவேண்டும், அதனால் இருக்கிறாள். ஒப்பிட்டுப் பார்க்கப் பயந்தாங்கொள்ளியும் வேண்டுமாம், அவளும் இருக்கிறாள். எவ்வளவு காலம் என்று நான் கேட்கவில்லை.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று. எல்லா முயலுக்கும் காதில் அழியாத மையால் பச்சை குத்துவது என்று உத்தரவு. 'எண் விலங்குக்கு உரியது, கூண்டுக்கு அல்ல' என்று எனக்கு ஒருவனுக்காக இரண்டு மணி நேர வகுப்பு. முன்வரிசையில் உட்கார்ந்தேன். வேறு வரிசையே இல்லை. கையெழுத்துப் போடும்போது பெரிய ஐயா, "விசிறியைச் சரிபண்ண ஆளனுப்பியாச்சு" என்றார். ஒரு மாதம் ஆகும் என்று எழுதியிருந்தேனே, அதையும் படித்திருக்கிறார்.

ஏப்ரல் 20, சனி

தேநீர் குடிக்கவில்லை. மனைவி தண்ணீர்ச் செம்பைத் தவிர எல்லாவற்றையும் எடுத்து மறைத்துவிட்டாள். மகள் என் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டே கூட வந்தாள், நான் ஓடிவிடுவேன் என்பதுபோல. சந்தேகம் நியாயமானதுதான்.

பரிசோதனை நிலையத்தில் நர்ஸம்மா ரத்தத்தை எடுத்தார். முயல்களுக்கு நான் எத்தனை தடவை பிடித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பிடித்துக்கொள்ள மகள் இருந்தாள். குழாயை நர்ஸம்மா தட்டில் சும்மா வைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா, பேரை இப்பவே எழுதிடுங்களேன். என் கண்ணு முன்னாடியே."

"எழுதுவோம் சார், மொத்தமா எழுதுவோம்."

"மொத்தமா வேண்டாம்மா. ஒண்ணொண்ணா எழுதுங்க. நான் சொல்றேன், எனக்கு அனுபவம் இருக்கு."

மகள் சுவரில் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். நர்ஸம்மா எழுதினார். நான் இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் யாரும் சொல்லாமலேயே அவள் டப்பாவைத் திறந்து முதல் மாத்திரையைப் போட்டுக்கொண்டாள்.

ஏப்ரல் 22, திங்கள்

காதில் எழுத வேலையில்லை. மார்க்கரை மகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

முடிவு வந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு. அவளைவிடப் பெரியது. மருத்துவர் எனக்கும் அதே மாத்திரையை எழுதினார். இன்னும் தாமதம் ஆகிவிடவில்லை என்றார், இரண்டு முறை சொன்னார். என் அப்பாவைப் பற்றி அவரிடம் சொன்னேன். மகள் பக்கத்தில்தான் இருந்தாள். கேட்டுக்கொண்டாள்.

பேருந்திலிருந்து இறங்கும்போது நானே ஆரம்பித்தேன். "என்கிட்டேருந்துதான்மா உனக்கு."

"மூக்கும்தான் உன்னுது. அதுக்கு நான் சண்டை போட்டேனா?"

சாப்பாட்டு மேசை நடுவில் இப்போது இரண்டு டப்பா. ஒரே மாதிரி இருக்கின்றன. அவள் மார்க்கரை எடுத்து ஒன்றில் 'அப்பா' என்றும் இன்னொன்றில் 'நான்' என்றும் எழுதினாள். நல்ல கையெழுத்து. ஆளுக்கொரு மாத்திரை, ஒரே தம்ளர் தண்ணீர். முதல் பாதியை அவள் குடித்தாள், மீதியை நான் குடித்தேன்.